வானியல் பக்கம் செய்ய ஏஐ கோடிங் உதவியாளர்: காசு கொடுக்கலாமா?

அவசரத்தில் இருப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கொடுக்கலாம், வானத்தைப் பற்றி உங்களுக்கு ஓரளவாவது தெரியும் என்றால். தெரியாமல் இறங்கினால் பார்க்க அட்டகாசமான, ஆனால் தப்பான ஒரு வானம் கையில் கிடைக்கும். அது தப்பு என்று உதவியாளரும் சொல்லாது, பார்க்கிறவர்களும் சொல்ல மாட்டார்கள்.

நான் புரோகிராமர் இல்லை. பிழைப்பு கணக்கு எழுதுவது, எக்செல் ஃபார்முலா தாண்டி எதுவும் எழுதியதில்லை. வானியல் மட்டும் பள்ளிக்கூட நாளிலிருந்து ஒட்டிக்கொண்ட பைத்தியம். ஒரு பைனாகுலர், ஒரு சின்ன டெலஸ்கோப், அப்புறம் அறிவியல் இயக்க நண்பர்களோடு அவ்வப்போது பள்ளிகளுக்குப் போய்ப் பிள்ளைகளுக்கு வானம் காட்டுவது, இவ்வளவுதான் நம் தகுதி. அங்கே போகும்போதெல்லாம் ஒரு குறை தெரியும். ஸ்டெல்லேரியம் இரவு வானத்தைத் திரையில் காட்டும் அருமையான மென்பொருள், இலவசம், குறையே சொல்ல முடியாது, ஆனால் ஒரே ஒரு விஷயத்தைப் பிள்ளைகளுக்குக் காட்ட அது ரொம்பப் பெரிசு. போனைக் கையில் கொடுத்து, "இதை இழு, நிழல் என்ன ஆகுது பாரு" என்று சொல்கிற மாதிரி, பிரவுசரில் திறக்கும் ஒற்றைப் பக்கம் வேண்டும், அதுவும் தமிழில். அப்படிப்பட்ட பக்கங்களைச் செய்துதான், நாம் சொல்வதைக் கேட்டு புரோகிராம் எழுதிக் கொடுக்கும் இந்த உதவியாளரைச் சோதித்தேன்.

நான் எடுத்தது மாதம் 20 டாலர் சந்தாவில் வரும் ஒன்று. வரியோடு சேர்த்தால் இரண்டாயிரம் ரூபாயைத் தொடும். பெயர் வேண்டாம், ஏனென்றால் கீழே சொல்லப்போகும் குறைகள் ஒரு கம்பெனிக்கு மட்டும் சொந்தமானவை இல்லை. போட்டிக் கம்பெனி ஒன்றின் இலவசக் கணக்கிலும் இதே வேலைகளைக் கொடுத்துப் பார்த்தேன், குணம் ஒன்றுதான்.

முதல் வேலை நிழலில்லா நாள். கடக ரேகைக்கும் மகர ரேகைக்கும் நடுவில் இருக்கும் ஊர்களில் வருடத்துக்கு இரண்டு நாள் நண்பகலில் சூரியன் சரியாகத் தலைக்கு மேல் வரும், நட்டு வைத்த குச்சிக்கு நிழலே விழாது. டெல்லிக்காரர்களுக்கு இந்தக் கொடுப்பினை கிடையாது. நமக்கு ஏப்ரல் 10 வாக்கில் கன்னியாகுமரியில் தொடங்கி, ஏப்ரல் 24 வாக்கில் சென்னையைத் தாண்டிப் போகும், ஆகஸ்டில் அதே வழியில் திரும்பி வரும். யாழ்ப்பாணமும் மதுரையும் கிட்டத்தட்ட ஒரே அட்சரேகை என்பதால் இரண்டு ஊருக்கும் ஓரிரு நாள்தான் வித்தியாசம். ஊரைத் தேர்ந்தெடுத்துத் தேதியையும் நேரத்தையும் ஸ்லைடரில் நகர்த்தினால் குச்சியின் நிழல் நீண்டு சுருங்க வேண்டும், இதுதான் கேட்டது. தமிழிலேயே கேட்டேன், புரிந்துகொண்டது.

வந்த பக்கத்தைப் பார்த்து அசந்துவிட்டேன் என்பது உண்மை. தரை, குச்சி, வானத்தில் நகரும் சூரியன், இரண்டு விரலால் பெரிதாக்கும் வசதி, எல்லாம் ஒரே எச்டிஎம்எல் கோப்பில். த்ரீ.ஜேஎஸ் என்கிற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தை வைத்துச் செய்திருந்தது. 2010 முதல் இருக்கும் இலவச நூலகம் அது, பிரவுசரில் முப்பரிமாணம் வரைய உலகம் முழுக்கப் பயன்படுத்துவது. நானாகப் படித்துச் செய்வதென்றால் அந்தக் கேமராவைச் சுற்றவைக்கவே பல வாரம் ஓடியிருக்கும். இந்த இடத்தில் கொடுத்த காசுக்கு நியாயம் உண்டு.

அப்புறம்தான் சென்னையைத் தேர்ந்தெடுத்து ஏப்ரல் 24, மதியம் 12 மணி என்று வைத்தேன். நிழல் மறையவில்லை. ஒரு மீட்டர் குச்சிக்கு மேற்குப் பக்கமாக மூன்று சென்டிமீட்டர் நிழல் விழுந்தது. காரணம் வானம் பார்க்கிறவர்களுக்கு உடனே பிடிபடும்: கடிகாரத்தின் 12 மணி வேறு, ஊரின் நண்பகல் வேறு. இந்திய நேரம் 82.5 பாகை தீர்க்கரேகைக்கு உரியது. சென்னை 80.3 பாகையில் இருக்கிறது, ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் வீதம் ஒன்பது நிமிடம் பிந்தும். ஏப்ரல் கடைசியில் சூரியக் கடிகாரம் சுவர்க் கடிகாரத்தை விட இரண்டு நிமிடம் முந்தி ஓடும். கழித்துப் பார்த்தால் சென்னையில் உச்சிவேளை 12:07 அளவில். கோயம்புத்தூரில் என்றால் 12:20 தாண்டிவிடும். ஆக பக்கம் காட்டிய மூன்று சென்டிமீட்டர் நிழல் சரியானதுதான். தப்பு, பக்கத்தின் மேலே "நண்பகல்" என்று பெயர் போட்டு 12 மணியைக் காட்டிய பொத்தானில் இருந்தது.

இதையெல்லாம் விளக்காமல், சும்மா "நண்பகலில் நிழல் மறையவில்லையே" என்று மட்டும் சொல்லிப் பார்த்தேன். பிள்ளைகளுக்குச் செய்கிற ஒரு ஆசிரியர் அப்படித்தானே கேட்பார். மன்னிப்புக் கேட்டது, பிழையைக் கண்டுபிடித்துவிட்டதாகச் சொன்னது, புதுக் கோப்பு கொடுத்தது, நிழலும் சுத்தமாக மறைந்தது. புரோகிராம் வரிகளைத் திறந்து பார்த்தால், நிழலின் நீளம் ஐந்து சென்டிமீட்டருக்குக் கீழே போனால் பூஜ்யம் என்று வைத்துக்கொள் என ஒரு வரி. அவ்வளவுதான் திருத்தம்! சென்னைக்கு 12 மணிக்கே நிழல் இல்லை, ஏப்ரல் 20-இலும் நிழல் இல்லை, 27-இலும் இல்லை. கோயம்புத்தூருக்கு மட்டும் 12 மணிக்கு ஒன்பது சென்டிமீட்டர் நிழல் அப்படியே நிற்கிறது. கணக்கு டாலி ஆகவில்லை என்று முதலாளி கத்தினால் வித்தியாசத்தை இதர செலவில் தள்ளிவிடும் குமாஸ்தாவின் வேலை இது. என் தொழிலில் இதை நிறையப் பார்த்திருக்கிறேன், அதனால் வாசனை தெரிந்தது.

காரணத்தை எழுதிக் கொடுத்ததும் இரண்டாவது தடவை ஒழுங்காகச் செய்தது என்பதையும் சொல்ல வேண்டும். தீர்க்கரேகைத் திருத்தம், சூரியக் கடிகாரத் திருத்தம் இரண்டையும் சேர்த்து ஊருக்கு ஊர் உச்சிவேளையைக் கணித்தது, நான் கேட்காமலே அதைத் திரையின் மூலையில் எழுதியும் காட்டியது. இன்னொன்று: அந்த நாளிலும் நிழல் துல்லியமாகப் பூஜ்யம் ஆகாது. ஏப்ரலில் சூரியன் ஒரு நாளைக்கு மூன்றில் ஒரு பாகை அளவு வடக்கே நகர்கிறது, ஆகவே ஒரு மீட்டர் குச்சிக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் மிச்சம் இருக்கலாம். அதை மறைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், பிள்ளைகள் கேட்கட்டும்.

நட்சத்திர வரைபடம் அடுத்தது. எச்ஒய்ஜி என்று ஒரு இலவசப் பட்டியல் இருக்கிறது, ஹிப்பார்கோஸ், யேல், கிளீசே மூன்று அட்டவணைகளையும் சேர்த்து, சுமார் 1 லட்சத்து 20 ஆயிரம் நட்சத்திரங்கள். கண்ணுக்குத் தெரியும் 6.5 ஒளி எண் வரை மட்டும் வைத்துக்கொண்டால் ஒன்பதாயிரம் சொச்சம்தான், சாதாரண போனிலும் தடங்கல் இல்லாமல் ஓடும். முதல் முயற்சியில் வானம் முழுக்க ஒரு ஒல்லியான பட்டைக்குள் நெரிந்து கிடந்தது. அந்தப் பட்டியலில் வல ஏற்றம், அதாவது வானத்தில் கிழக்கு மேற்காக நட்சத்திரம் எங்கே இருக்கிறது என்று சொல்லும் எண், மணிக்கணக்கில், 0 முதல் 24 வரை இருக்கிறது. உதவியாளர் அதைப் பாகை என்று எடுத்துக்கொண்டதால் 360 பாகை வானம் 24 பாகைக்குள் அடங்கிவிட்டது. இந்த மாதிரித் தப்பு எனக்குக் கவலையே தருவதில்லை. பார்த்த உடனே தெரிகிறது, ஒரு வரி சொன்னால் சரியாகிவிடுகிறது.

கவலை அடுத்ததுதான். பரப்பியதும் அழகான வானம். ஓரியன் நட்சத்திரக் கூட்டத்தைத் தேடினேன். தெற்கே பார்த்து நின்றால் திருவாதிரை இடது மேலே, ரைகல் வலது கீழே, இடுப்புப்பட்டை மூன்றையும் இடப்பக்கம் கீழே நீட்டினால் சிரியஸ். என் பக்கத்தில் சிரியஸ் வலப்பக்கம் இருந்தது. முழு வானமும் கண்ணாடியில் பார்ப்பது போலத் திரும்பி நிற்கிறது! நட்சத்திரப் பட்டியல்களில் வடதுருவம் இசட் அச்சு, த்ரீ.ஜேஎஸ்ஸில் மேல் பக்கம் ஒய் அச்சு. இரண்டையும் வெறுமனே இடம் மாற்றினால் பிம்பம் திரும்பிவிடும், கூடவே ஒரு கழித்தல் குறியும் போட வேண்டும். சொன்னேன். குறியைப் போட்டது, நட்சத்திரங்களுக்கு மட்டும் போட்டது, அதுவும் வேறு அச்சில். கோள்களைப் பழையபடி விட்டுவிட்டது. விளைவு, 2024 டிசம்பரில் ரோகிணிக்குப் பக்கத்தில் ரிஷபத்தில் நின்ற வியாழன் என் பக்கத்தில் மிதுனத்துக்குப் போய்விட்டது. ஜாதகம் பார்க்கிற யாராவது அதைத் திறந்திருந்தால் குடும்பத்தில் குழப்பம் வந்திருக்கும்.

நட்சத்திரப் பெயர்களைத் தமிழில் போடுவதில் ஒரு தனிக் கூத்து. த்ரீ.ஜேஎஸ்ஸில் எழுத்துகளை முப்பரிமாணமாக வார்க்கும் வசதி ஒன்று இருக்கிறது, உதவியாளர் அதைத்தான் எடுத்தது. அது எழுத்துகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்குமே தவிர தமிழ் எழுத்து சேரும் விதம் அதற்குத் தெரியாது. "கேட்டை" என்று கொடுத்தால் கொம்புகளெல்லாம் எழுத்துக்கு இடப்பக்கம் வராமல் வலப்பக்கம் ஒட்டிக்கொண்டு, புள்ளி தனியாக அந்தரத்தில் நின்றது. ஃபான்ட்டை மாற்றிப் பார்க்கலாம் என்று உதவியாளர் ஒன்று மாற்றி ஒன்றாக யோசனை சொன்னது, எதுவும் உதவவில்லை. பெயர்களைச் சாதாரண எச்டிஎம்எல் எழுத்தாக முப்பரிமாணத்துக்கு மேல் மிதக்கவிடும் வழி அதே நூலகத்தில் இருக்கிறது. அப்படிச் செய்தால் எழுத்தைச் சேர்க்கும் வேலையை பிரவுசரே பார்த்துக்கொள்கிறது. அந்த வழியைக் கேட்டதும் உதவியாளர் நிமிடத்தில் செய்து கொடுத்தது. ஆங்கிலத்தில் மட்டும் பக்கம் செய்பவர்களுக்கு இந்தத் தலைவலி வந்தே இருக்காது, அதனால்தான் அதற்கும் முதலில் தோன்றவில்லை என்று நினைக்கிறேன். தமிழில் செய்யப்போகிறவர்கள் ஆரம்பத்திலேயே இதைச் சொல்லிவிடுங்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்தது வியாழனின் நிலாக்கள் பக்கம். கலீலியோ 1610 ஜனவரியில் பார்த்த நான்கு. அயோ 1.77 நாளில் ஒரு சுற்று, யூரோப்பா 3.55, கனிமீடு 7.15, காலிஸ்டோ 16.69. முதல் மூன்றும் ஒரு கட்டுப்பாட்டில் ஓடுகின்றன: கனிமீடு ஒரு சுற்று முடிப்பதற்குள் யூரோப்பா இரண்டு, அயோ நான்கு. அந்தக் கட்டுப்பாட்டின் விளைவாக மூன்றும் வியாழனின் ஒரே பக்கத்தில் ஒரே வரிசையில் சேர்வதே இல்லை. யூரோப்பாவும் கனிமீடும் சேரும் நேரத்தில் அயோ எதிர்ப்பக்கம் இருக்கும். உதவியாளர் கொடுத்த முதல் பக்கத்தில் பொத்தானை அழுத்தியதும் நான்கு நிலாக்களும் ஓட்டப்பந்தயக்காரர்கள் மாதிரி ஒரே கோட்டிலிருந்து புறப்பட்டன. எல்லாவற்றுக்கும் தொடக்கக் கோணம் பூஜ்யம். வேகம் சரி, தூரம் சரி, நிறம் கூட அழகு, ஆனால் சூரியக் குடும்பத்தில் நடக்கவே நடக்காத ஒரு காட்சியில் பக்கம் தொடங்குகிறது.

இதற்குத் தீர்வு, கணக்கை உதவியாளரிடம் விடாமல் இருப்பது. டான் கிராஸ் எழுதிய அஸ்ட்ரானமி எஞ்சின் என்ற திறந்தமூல நூலகம் இருக்கிறது, ஜாவாஸ்கிரிப்டிலும் கிடைக்கிறது. கோள்கள், சந்திரன், வியாழனின் நிலாக்கள், கிரகணங்கள் வரை கணித்துக் கொடுக்கும். கோள் நிலைகளில் ஒரு கலைக்குள் துல்லியம், அதாவது முழுநிலவின் அகலத்தில் முப்பதில் ஒரு பங்கு. "இடத்தை இதிலிருந்து மட்டும் எடு, நீயாக எந்த எண்ணும் எழுதாதே" என்று முதல் வரியிலேயே சொன்ன பிறகு பாதிச் சண்டை குறைந்துவிட்டது. அதற்கு முன்னால் நாசாவின் ஜேபிஎல் ஆய்வகம் வெளியிட்ட கோள் அட்டவணையைப் பார்த்து எழுதுவதாகச் சொல்லிக்கொண்டு நினைவிலிருந்து எண்களை எழுதியது, ஒப்பிட்டுப் பார்த்தால் கடைசி இலக்கங்கள் சில வேறாக இருந்தன. கோள் தன் பாதையில் எந்த நேரம் எங்கே இருக்கும் என்று சொல்லும் கெப்ளர் சமன்பாட்டைத் தீர்க்கும் பகுதியை மட்டும் தப்பில்லாமல் எழுதியது, பாகையை ரேடியனாக மாற்றுவதைக் கூட மறக்கவில்லை.

நிலாப் பக்கத்தைத் திருத்தியதும் அக்கா பையனிடம் கொடுத்தேன். வேகத்தைக் கூட்டிவிட்டு ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தவன், "மாமா, காலிஸ்டோ எல்லார்கூடவும் சேருது, இந்த மூணு மட்டும் ஒரே பக்கம் வரவே மாட்டேங்குது, உன் புரோகிராம் கெட்டுப்போச்சு" என்றான். இதைவிட நல்ல சர்டிபிகேட் எனக்கு வேண்டாம்.

சூரியக் குடும்பத்தை உண்மையான அளவில் காட்டச் சொல்லிக் கேட்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. நெப்டியூனின் பாதையைத் திரை முழுக்க ஆயிரம் பிக்சலில் வரைந்தால் சூரியன் ஒரு பிக்சலில் ஆறில் ஒரு பங்குதான் வரும், பூமியைப் பற்றிப் பேசவே வேண்டாம். உதவியாளர் சொல்லாமல் கொள்ளாமல் கோள்களை ஊதிப் பெரிதாக்கிவிடும், மேலே "உண்மை அளவு" என்று தலைப்பும் போட்டுவிடும். பெரிதாக்குவது தப்பில்லை, எத்தனை மடங்கு என்று திரையில் எழுதச் சொல்லுங்கள்.

எந்தப் பக்கம் செய்தாலும் விடை தெரிந்த சில தேதிகளை வைத்துச் சோதிப்பது என் பழக்கம். 2020 டிசம்பர் 21 அன்று வியாழனும் சனியும் பத்தில் ஒரு பாகை தூரத்தில் ஒட்டி நிற்க வேண்டும். 2012 ஜூன் 6 காலை வெள்ளி சூரியனைக் கடக்க வேண்டும். 2019 டிசம்பர் 26 காலை கோவையில் கங்கண கிரகணம், அதாவது சூரியன் வளையமாகத் தெரியும் கிரகணம், தெரிய வேண்டும். கடைசியில் உள்ளது நேரக் கணக்கைச் சோதிக்க நல்லது, ஏனென்றால் இந்திய நேரத்தையும் உலக நேரத்தையும் உதவியாளர் குழப்பினால் ஐந்தரை மணி நேரத்தில் சந்திரன் தன் அகலத்தைப் போல ஆறு மடங்கு தள்ளிப் போய்விடும், கிரகணமே நடக்காது. எனக்கு ஒருமுறை அப்படித்தான் ஆனது.

மற்ற எரிச்சல்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பேச்சு நீண்டால் முன்னால் சொன்னதை மறக்கிறது. ஒரு பொத்தானின் நிறத்தை மாற்றச் சொன்னால் முழுக் கோப்பையும் திருப்பி எழுதி, நேற்று சரிசெய்த கழித்தல் குறியைத் தொலைத்துவிடுகிறது, அதனால் வேலை செய்கிற ஒவ்வொரு கோப்பையும் தேதி போட்டுத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். த்ரீ.ஜேஎஸ்ஸிலிருந்து 2021-லேயே எடுத்துவிட்ட கட்டளைகளை இன்னும் எழுதுகிறது, திரை கறுப்பாகவே இருக்கும், நீங்களோ இரவு வானம்தானே என்று காத்திருப்பீர்கள். ஞாயிறு மதியம் வேலை சூடு பிடிக்கும் நேரம் பார்த்து "இப்போதைக்கு உங்கள் அளவு முடிந்தது, பிறகு வாருங்கள்" என்கிறது. காசு கட்டியும் இது. அப்புறம் அந்தப் பாராட்டு, எதைச் சொன்னாலும் "மிகச் சரியான கவனிப்பு" என்று ஒரு புகழாரம். வேண்டுமென்றே தப்பாக, சூரியன் டெல்லியில் தலைக்கு மேல் வருமே என்று சொல்லிப் பார்த்தேன், அதற்கும் ஒரு தடவை தலையாட்டியது.

யார் வாங்கலாம்? வானம் தெரிந்து கோடிங் தெரியாதவர்கள் கண்ணை மூடிக்கொண்டு ஒரு மாதம் கட்டலாம். ஆசிரியர்கள், பள்ளிகளில் வானியல் காட்டுகிற நம் ஆட்கள், இவர்களுக்கு நிச்சயம் லாபம். கோடிங் தெரிந்து வானம் தெரியாதவர்கள் அந்தக் காசில் ஒரு நல்ல பைனாகுலருக்குச் சேர்த்து வையுங்கள், ஓரியன் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்று கண்ணால் பார்த்த பிறகு வாங்கலாம். இரண்டுமே தெரியாத பிள்ளைகளிடம் தனியாகக் கொடுத்துவிடாதீர்கள். சந்தாவைத் தொடர்ந்து கட்டவும் தேவையில்லை: செய்ய வேண்டிய பக்கங்களைப் பட்டியல் போட்டு வைத்துக்கொண்டு, விடுமுறை வரும் மாதத்தில் கட்டி, முடித்துவிட்டு நிறுத்திவிடலாம். செய்த கோப்புகள் உங்களுடையவை, கிட்ஹப் பேஜஸ் என்ற இணைய சேவையில் ஏற்றி வைத்தால் செலவில்லாமல் ஓடும், சின்னத் திருத்தங்களுக்கு இலவசக் கணக்கே போதும்.

நான் இந்த மாதத்தோடு நிறுத்துகிறேன். 2031 மே 21 கங்கண கிரகணம் தென் தமிழ்நாட்டிலும் வட இலங்கையிலும் தெரியப்போகிறது, ஊர் ஊராக வளையம் எப்படித் தெரியும் என்று காட்டும் பக்கம் ஒன்று மனதில் இருக்கிறது. அதைத் தொடங்கும்போது மறுபடி ஒரு மாதம் கட்டுவேன், ஐந்து சென்டிமீட்டர் வரி மாதிரி எதையும் ஒளித்து வைத்திருக்கிறதா என்று புரோகிராம் வரிகளில் தேடிப் பார்த்துக்கொண்டேதான்.